யாழ்ப்பாணத்தில் எட்டு மாதம்: வெளிக்கிடும் முன் திரும்பும் வழியைப் பாருங்கள்

பரிமாற்ற மாணவியாக யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் தஞ்சாவூரில் என் வகுப்புத் தோழிகள் கேட்ட முதல் கேள்வி, "அங்கே சுற்றிப் பார்க்க என்னடி இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. மலை கிடையாது, அருவி கிடையாது, வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்புக்கல் மேல் செம்மண்ணைப் பரப்பி வைத்த மாதிரி, தோசைக்கல் போலத் தட்டையான நிலம். அதை ஒட்டி முழங்கால் ஆழத்தில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை கிடக்கும் பரவைக்கடல். நான் ஜூனில் போய், தைப்பொங்கல் கழிந்து திரும்பினேன். அந்த எட்டு மாதத்தில் அறையிலேயே படுத்துக் கிடந்த ஞாயிறுகள் நாலைந்துதான் இருக்கும். அடுத்துப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்துக்குப் போவது சுலபம், திரும்பி வருவதுதான் வேலை. கடைசிப் படகு ஒரு நேரத்துக்குப் போய்விடும், கடைசி பஸ் அதற்கும் முன்னால் போய்விடும், விடுதிக் கதவு சாத்திவிடும், காற்று எதிரே வந்து நிற்கும். ஆகவே எந்தப் பயணத்தையும் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும், அப்படியானால் காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும். பெரும்பாலும் விடை ஐந்து மணி என்றுதான் வரும். அங்கே அதற்கு 'வெள்ளண' என்று சொல்வார்கள். வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. "வெள்ளண வெளிக்கிடுவம்" என்று ஒருவர் சொன்னால் இருட்டோடு எழுந்து தயாராக இருங்கள், ஏழு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

சைக்கிள்தான் எல்லாம்

பல்கலைக்கழகம் இருக்கும் இடத்துக்குப் பெயர் திருநெல்வேலி. நம்மூர் நெல்லையை நினைத்துச் சிரித்துவிட்டு அப்புறம் பழகிவிடும்; பேச்சில் 'தின்னவேலி'. இங்கே தங்கப்போகிறீர்கள் என்றால் வந்த முதல் வாரத்திலேயே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிடுங்கள். லுமாலா சைக்கிள்கள் கைமாறி வருவது நிறையக் கிடைக்கும், வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தாலே இரண்டு நாளில் யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள். கியர் தேவையே இல்லை, ஏறுவதற்கு மேடு இருந்தால்தானே. பார்க்க வேண்டியது மூன்று: பிரேக், விளக்கு, இருக்கையின் உயரம். பிரேக்கை எல்லாரும் பார்ப்பார்கள், விளக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆறு மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும், ஒழுங்கைகளில் தெருவிளக்கு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது, தவிர விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் நிறுத்தும். இருக்கையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், தாழ்வான இருக்கையில் பத்து கிலோமீட்டர் போகலாம், நாற்பது போனால் மறுநாள் படியிறங்கும்போது முழங்கால் பேசும்.

'ஒழுங்கை' என்றால் சந்து. 'மதகு' என்றால் சிறுபாலம், வழி சொல்லும்போது சந்திக்கு அடுத்து அதிகம் வருவது இதுதான். அப்புறம் 'உ'. நாம் இது, அது என்று இரண்டோடு நிறுத்திவிட்டோம், அவர்களிடம் நடுவில் 'உது' உயிரோடு இருக்கிறது. "உந்தச் சந்தியால திரும்புங்கோ" என்றால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற சந்தி. எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆனது. ஆனால் "கிட்டத்தான், உதில" என்று யாராவது சொன்னால் தூரத்தை நம்பாதீர்கள், அது நூறு மீட்டராகவும் இருக்கலாம், நாலு கிலோமீட்டராகவும் இருக்கலாம். வழி கேட்கும்போது ஆண்களை 'அண்ணை' என்றும் பெண்களை 'அக்கா' என்றும் கூப்பிட்டால் போதும், பெரியவர்கள் என்றால் ஐயா, அம்மா. உங்கள் பேச்சைக் கேட்டதும் "இந்தியாவோ?" என்பார்கள். ஓம் என்றால் அடுத்த பத்து நிமிடம் அங்கேயே போய்விடும், அதையும் பயண நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் கேட்டுத் திசையைத் தேர்ந்தெடுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

அங்கே காற்றுக்குப் பெயர் உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிப்பது சோளகம். மழைக்காலத்தை ஒட்டி வடகிழக்கிலிருந்து வந்து தை, மாசி வரை நிற்பது வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். மீன்பிடிக்கிறவர்கள் சொல்லும் இந்தப் பெயர்கள் சைக்கிள்காரர்களுக்கும் அதே அளவு தேவை, ஏனென்றால் தடுப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லாத ஊரில் காற்றுதான் மேடு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். நான், கொழும்பிலிருந்து படிக்க வந்த ஒருத்தி, நெடுந்தீவுக்காரன் ஒருவன், பிறகு அந்தப் பக்கமே வீடு உள்ள வடமராட்சிக்காரி (பருத்தித்துறையைச் சுற்றிய பகுதிக்குப் பெயர் வடமராட்சி). ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வாழைத்தோட்டமும் வெங்காயத் தோட்டமும் ஓடி ஓடிப் பின்னால் போகின்றன, மிதிக்கிற மாதிரியே இல்லை. நவக்கிரியில் இறங்கி நிலாவரைக் கிணற்றைப் பார்த்தோம். சுண்ணாம்புப் பாறை உள்ளே கரைந்து உண்டான கிணறு அது, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். அடியே இல்லை என்று ஊரில் கதை. எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினோம். நானெல்லாம் பிறவி சைக்கிள் வீராங்கனை போல என்று எனக்குள் ஒரு நினைப்பு. வடமராட்சிக்காரி மட்டும் ஒரு தடவை சொன்னாள்: "திரும்பி வரேக்க காத்து இழுக்கும், சொல்லிப்போட்டன்."

மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் சாப்பிட வைக்கப்பட்டு, மூன்றரைக்குக் கிளம்பினோம். நெல்லியடி தாண்டும் வரை பேசிக்கொண்டே வந்தோம். அப்புறம் வல்லை வெளி. இரண்டு பக்கமும் மரம் இல்லை, வீடு இல்லை, தொண்டைமானாற்று நீரேரியும் 'தரவை' எனும் வெறும் புல்வெளியும்தான். சோளகம் நேராக நெஞ்சில் வந்து மோதுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது, உருண்டு போய் நிற்பதெல்லாம் கிடையாது, சுவரில் முட்டிய மாதிரி அப்படியே நிற்கிறது. வாயைத் திறந்தால் மண். கொழும்புக்காரி இறங்கித் தள்ள ஆரம்பித்தாள், பிறகு நானும். வல்லை முனியப்பர் கோயிலில் வண்டிக்காரர்கள் ஏன் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. கடைசியில் காலிப் பெட்டிகளோடு வந்த ஒரு பட்டா வண்டியை, அதாவது சின்ன லாரியை, மறித்து, நாலு சைக்கிளையும் ஏற்றி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். ஓட்டிவந்த அண்ணை காசு வாங்கவில்லை. "சோளகத்துக்க பருத்தித்துறைக்கு ஆராவது சைக்கிள்ல போவினமோ" என்ற ஒரே கேள்விதான் கேட்டார், அதற்குக் காசு கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆக, கணக்கு இதுதான். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சோளக மாதங்களில் மேற்கே, தெற்கே போங்கள்: பண்ணைத் தாம்போதி வழியாக மண்டைதீவுச் சந்தி, வேலணை என்று தீவுப்பக்கம். காலையில் காற்று இன்னும் முழுதாக எழும்பாத நேரத்தில் எதிரே மிதித்துவிட்டால், மாலையில் அதுவே முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விடும். வாடைக் காலத்தில் வடமராட்சிப் பக்கம். மாற்றிப் போனால் என் கதைதான்.

'தாம்போதி' என்பது கடலுக்கு நடுவே போடப்பட்ட சாலை. காலை ஆறரைக்குப் பண்ணையில் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள், பரவைக்கடலில் குச்சிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள், இறால் பிடிக்கிற களங்கட்டி வலை. இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் நடந்துகொண்டிருப்பார், முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். அவர் பாட்டுக்கு நடந்து வேலை முடித்துத் திரும்புவார். நீங்கள் இறங்கிப் பார்க்க வேண்டாம், அடியில் சேறு, அதில் எங்கே கால் வைப்பது என்று அவருக்குத்தான் தெரியும்.

நெடுந்தீவு: ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

நெடுந்தீவுக்குப் படகு குறிகட்டுவானிலிருந்து. குறிகட்டுவான் புங்குடுதீவின் ஓரத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், இதற்கு சைக்கிள் வேண்டாம், காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். படகு நேரங்கள் மாறும். முதல் நாள் மாலை, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், இணையத்தில் கிடக்கும் பட்டியலை நம்பிப் போகாதீர்கள். போகும் படகைவிடத் திரும்பும் படகின் நேரத்தை முதலில் கேளுங்கள். எங்கள் நெடுந்தீவுக்காரனின் சட்டம்: "படகு வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கே இறங்குதுறையில நிக்கவேணும்." அவன் அதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இது சுற்றுலாப் படகு என்று நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். தீவில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் ஏறும். இடம் குறைவாக இருந்தால் ஊர்க்காரர்கள் முதலில் ஏறட்டும், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 1985 மே 15 அன்று இதே கடலில் குமுதினி என்ற படகில் வந்த பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயதானவருக்கு அது செய்தியாக இருக்காது, சொந்தக்காரரின் பெயராக இருக்கும். அவராகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள்.

நாங்கள் போனது ஆகஸ்டில். போகக்கூடாத மாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கிக் கிடக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். படகின் உள்ளே, பலகை இருக்கையில், டீசல் வாசத்தோடு உட்கார்ந்திருக்கிறோம், வெளியே பார்க்க முடியவில்லை, படகு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கால் மணியில் கொழும்புக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கியது, அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். எதிரே இருந்த ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு தேசிக்காய் எடுத்து, தோலில் நகத்தால் இரண்டு கீறல் போட்டு, என் கையில் வைத்து மூடினார். "மணந்துகொண்டு இரு பிள்ளை, பேசாத." தேசிக்காய் என்றால் எலுமிச்சை. கரை வரும் வரை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அதன்பிறகு எந்தப் படகுக்கும் பையில் இரண்டு தேசிக்காய் இல்லாமல் நான் போனதில்லை. காலையில் வயிற்றைக் காயப்போடாமல் இரண்டு துண்டு பாண் (ரொட்டி, நம்மூர் பிரெட்) மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், இடியப்பமும் சொதியுமாக நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள்.

தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீட்டர். நடந்து முடிகிற கதை இல்லை. இறங்குதுறையில் ஓட்டோ கிடைக்கும், ஆள் கூட இருந்தால் பெட்டி பூட்டிய லாண்ட் மாஸ்டரில் (இரண்டு சக்கரச் சின்ன டிராக்டர்) குலுங்கிக்கொண்டு போகலாம், எனக்கு அதுதான் பிடித்தது. வேலிகளைப் பாருங்கள்: சுண்ணாம்பும் இல்லாமல் சிமெண்டும் இல்லாமல், முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மட்டும் கட்டியவை. கிட்டப் போய் ஒரு கல்லை உற்றுப் பார்த்தால் தேனடை மாதிரி சின்னச் சின்னப் பூவாக இருக்கும், அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளம். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும், வேண்டாம், அது யாரோ ஒருவர் வீட்டு வேலி. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்குமரம் (பாவோபாப்), இவை எல்லாம் வழியில் வந்துவிடும். பெருக்குமரத்தின் பொந்துக்குள் நாங்கள் ஒவ்வொருவராக நுழைந்து பார்த்தோம், உள்ளே வெளியைவிட நன்றாகவே குளுமை.

குதிரைகள் தீவின் தெற்கே, திறந்த வெளியில். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை, குள்ளமானவை, யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்கின்றன. சாப்பாடு நீட்டிக் கிட்டே கூப்பிடாதீர்கள், பின்பக்கமாகப் போகாதீர்கள். ஒரு நூறடி தள்ளி உட்கார்ந்துவிட்டால் அவை பாட்டுக்கு மேயும், குட்டிகள் பால் குடிக்கும். நிழல் என்று ஒன்று அங்கே இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைக் கரையிலிருந்தே கொண்டுபோங்கள். தொப்பியும். என் வீட்டுக்கார அம்மா நான் படலையைத் திறக்கும்போதெல்லாம் "தொப்பி எடுத்தனியோ பிள்ளை?" என்று கேட்பார், எடுக்கவில்லை என்று ஒரு நாள்தான் சொன்னேன், அன்றைக்குத்தான் மூக்குத் தோல் உரிந்தது.

நேரம் குறைவு என்றால் அதே துறையிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணியில் போய்விடலாம், நாகபூஷணி அம்மனையும் நாக விகாரையையும் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

குளிக்க இறங்கும்போது

நீச்சல் தெரியாதவர்களுக்குக் காரைநகரின் கசூரினா கடற்கரை. பொன்னாலைத் தாம்போதி தாண்டிப் போக வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாதது போல இருக்கும், அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகக் கூட்டம், வார நாளில் போங்கள். வடக்குக் கடல் அமைதி என்று பழகிவிட்டு அதே நினைப்பில் மணற்காட்டிலோ வேறு கிழக்குக் கரையிலோ இறங்காதீர்கள். அங்கே அலை வேறு, இழுப்பு வேறு, வாடைக் காலத்தில் உள்ளூர்க்காரர்களே பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார்கள். கரையில் வலை இழுக்கிறவர் "இறங்காதேங்கோ" என்றால் அதற்குமேல் கேள்வி இல்லை. சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன், கரை ஒதுங்கியிருக்கும் நாளிலும் இறங்க வேண்டாம்.

எனக்குக் கீரிமலைதான் எல்லாவற்றிலும் பிடித்தது. கடலுக்குப் பக்கத்தில் கல்கட்டிய கேணி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணீர், அந்தப் பக்கம் உப்புக்கடல். நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியாக ஓடிவரும் மழைத்தண்ணீர் அங்கே வந்து வெளிப்படுகிறது. ஆண்களுக்குத் தனிக் கேணி, பெண்களுக்கு மறைப்போடு தனிக் கேணி. நகுலேஸ்வரம் கோயில் பக்கத்திலேயே என்பதால் உடை விஷயத்தில் கவனம்: சுடிதாரோ முழங்கால் தாண்டிய பாவாடையோ போட்டுக் குளியுங்கள், நீச்சலுடை எடுத்துப் போன ஒருத்தி அதைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பினாள். அந்த ஒருத்தி யார் என்று கேட்காதீர்கள்.

கூழ் காய்ச்சப் போவது

சுற்றுலா போய் ஹோட்டலில் சாப்பிடுவதெல்லாம் அங்கே பெரிதாக எடுபடாது. நண்பர்கள் சேர்ந்தால் யார் வீட்டுப் பனங்காணியிலாவது பெரிய பானை ஏற்றிக் கூழ் காய்ச்சுவார்கள். உங்களைக் கூப்பிட்டால் எந்தப் பரீட்சையையும் சாக்காகச் சொல்லாமல் போங்கள். ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு. ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட்டு வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். பானையில் மீன் தலை, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் வேகும்போது செத்தல் மிளகாய் அரைத்தது, பழப்புளி, கடைசியாக ஒடியல் மாவு. உங்களுக்கு வேலை வேண்டுமென்றால் பலா இலை கோலும் வேலையைக் கேளுங்கள்: இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கால் ஒரு குத்து, அதுதான் அகப்பை. என் முதல் இலை ஒழுகி மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வந்தது, கூழ் சூடு மட்டுமில்லை, உறைப்பும்தான், கையே எரிந்தது. நுனிப்பக்கம் இரண்டு மடிப்பு அதிகம் வைக்க வேண்டுமாம். குனிந்து மண்ணில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுகக் குடித்துவிட்டு, யாரும் உடனே எழுவதில்லை.

மற்ற பயணங்களுக்குப் பையில் பருத்தித்துறை வடை வைத்துக்கொள்ளுங்கள், தட்டையாக, மொறுமொறுவென்று, நாலு நாள் தாங்கும். வழியில் கடைகளில் மாலுபாண் (உள்ளே மீன் வைத்த பன்), ரோல்ஸ். பிளேன்ரீயோடு (பால் இல்லாத டீ) சின்னப் பனையோலைப் பெட்டிக்குள் வார்த்த பனங்கட்டிக் குட்டானை, அதாவது பனைவெல்லத்தை, உடைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பது என்று ஒரு வழக்கம், முப்பது கிலோமீட்டர் மிதித்த காலுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

விளையாட்டில்லாத இரண்டு மூன்று

மிதிவெடி, நம்மூர் கண்ணிவெடி. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம், ஒதுங்கக்கூடப் போக வேண்டாம். முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்த இடம். பலகை இல்லாவிட்டாலும் பத்தை மண்டிக்கிடக்கும் கைவிட்ட காணிகள், இடிந்த வீடுகள் உள்ளே போகாதீர்கள். ஆள் நடந்த தடம் இருக்கிற இடத்தில் மட்டும் நடங்கள். கடற்கரையிலோ மணலிலோ துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாதீர்கள். என் தோழிகள் வாழ்நாள் முழுவதும் இதை யோசித்து யோசித்து இப்போது யோசிக்காமலே செய்கிறார்கள், நாம்தான் குறுக்குவழி என்று இறங்கிவிடுவோம்.

ராணுவ முகாம், கடற்படை முகாம் பக்கம் போனை வெளியே எடுக்காதீர்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், விடிவதற்குள் மூன்று பேர் வந்து விசாரிப்பார்கள். அடையாள அட்டையும் பாஸ்போர்ட் நகலும் எப்போதும் பையில். அவசரத்துக்கு 1990, இலவச ஆம்புலன்ஸ். போலீசுக்கு 119. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஒழுங்கைகள் குளமாகும், பள்ளம் எது தெரு எது என்று தெரியாது, அந்த வாரங்களில் சும்மா இருங்கள், குறிப்பேடுகளைப் புரட்டுங்கள்.

வாடையில் வடமராட்சி

மார்கழி நடுவில் மழை ஓய்ந்ததும் நான் மறுபடி பருத்தித்துறைச் சாலையில் ஏறினேன். இந்தத் தடவை காற்று எதிரே, வல்லை வெளியில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன், ஆனால் திரும்பும்போது என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததால் அது ஒரு சுகமான கஷ்டம். இரண்டு நாள் பயணமாக வைத்து வடமராட்சிக்காரி வீட்டில் தங்கிக்கொண்டோம். யார் வீட்டிலாவது தங்கப் போனால் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள், பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் (ஆரஞ்சு) போதும்.

பிற்பகலில் மணற்காடு. பெயரில் இருப்பதுதான் ஊரிலும், மணல் மேடு மேடாகக் குவிந்து, இடையில் சவுக்கு. பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன. நாலு மணிக்குமேல் போங்கள், அதற்கு முன் மணல் சுடும். மேட்டில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் சவுக்கின் இரைச்சல், இன்னொரு பக்கம் கடலின் இரைச்சல், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. போனை உறையில் போட்டு வையுங்கள், என் போனின் சார்ஜ் துளையிலிருந்து இன்னும் அந்த மணல் வருகிறது. அதே மாதங்களில் சுண்டிக்குளத்தில் பூநாரைகளும் இறங்கும், 1938இலேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. ஆனால் சைக்கிளில் போகிற தூரம் இல்லை, வண்டி பிடித்து, வழி தெரிந்த ஆளோடு போங்கள்.

அன்று இரவு படுத்தபிறகு வானத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி சத்தம். எழுந்து முற்றத்துக்கு வந்தால் ஒன்றும் தெரியவில்லை. தோழியின் தம்பி சிரித்துக்கொண்டே பின்வளவுக்குக் கூட்டிப்போய்ப் பனை மரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். கயிறு உயிரோடு துடித்தது. பட்டம். வில் போல வளைத்த குச்சியில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டிவிடுகிறார்கள், அதற்கு விண் என்று பெயர், வாடை அடிக்கும் வரை இரவு முழுக்கக் கூவும். கொக்குப் பட்டம், எட்டுமூலை, பிராந்து, பாம்பு என்று வகைகள். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டியே நடக்கும். அதைப் பார்க்காமல் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். கூட்டம் நெருக்கும், மாலை பஸ் ஏற முடியாது, அதனால் அங்கேயே பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கும்படி முன்பே பேசிவையுங்கள். கயிறு பிடிக்கக் கொடுத்தால் கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், பெரிய பட்டம் இழுத்தால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

கிளம்பும் வாரத்தில் சைக்கிளை விற்பது ஒரு வேலையே இல்லை, அடுத்து வருகிறவர் யாராவது வாங்கிக்கொள்வார். கூடையையும் காற்றடிக்கும் பம்பையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பூட்டின் இரண்டாவது சாவியையும் மறக்காமல் கொடுங்கள். என்னுடையது இப்போது தஞ்சாவூரில் இருக்கிறது. என் சைக்கிளை வாங்கிய பெண் ஒரே சாவியோடு எட்டு மாதம் ஓட்டப்போகிறாள், நீங்கள் அங்கே போனால் இதை அவளிடம் சேர்த்துவிட முடியுமா?